அமீனுல் முல்க் மிர்ஸா இஸ்மாயில்: யாருடைய அதிகாரி?

குடிமைப் பணித் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில் நம் சமுதாய வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பட்டியல் சுற்றும். தேறியவர்களில் முஸ்லிம் பெயர்களை மட்டும் பொறுக்கியெடுத்து, வரிசை எண் போட்டு, மாஷா அல்லாஹ் சேர்த்து அனுப்புவார்கள். அந்த மகிழ்ச்சியில் குற்றமில்லை. ஐ.ஏ.எஸ். அதிகாரிகளில் முஸ்லிம்கள் 3 சதவீதம், ஐ.பி.எஸ்.ஸில் 4 சதவீதம், ஐ.எஃப்.எஸ்.ஸில் 1.8 சதவீதம் என்று 2006இல் சச்சார் குழு கணக்குக் காட்டிய நாட்டில் ஒவ்வொரு பெயரும் எண்ணி மகிழத்தக்கதுதான்.

ஆனால் அதே பிள்ளைகள் பதவியில் அமர்ந்து நாலைந்து ஆண்டுகள் போனதும் வேறு பேச்சு கிளம்பும். “பேருக்குத்தான் நம்ம ஆளு, நமக்கு என்ன செஞ்சாரு?” என்று நம் தெருவில் கேட்பார்கள். “அவர் அவங்க ஆளு, அவங்களுக்குத்தானே செய்வார்” என்று அடுத்த தெருவில் சொல்வார்கள். ஓர் அதிகாரி யாருடையவர் என்ற இந்தக் கேள்வி புதிதன்று. இரண்டு பக்கத்திலிருந்தும் இதைக் கேட்டுக்கொண்டே 42 ஆண்டுகள் அரசுப் பணியும் ஆட்சிப் பொறுப்பும் வகித்தவர் ஒருவர் நம் அண்டை மாநிலத்தில் இருந்தார். மைசூர் திவான் சர் மிர்ஸா இஸ்மாயில்.

மைசூர் மகாராஜா அவருக்கு அளித்த பட்டம் ‘அமீனுல் முல்க்’. அரபு தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. நாட்டின் நம்பிக்கைக்குரியவர், நாட்டின் அமானிதத்தைப் பாதுகாப்பவர் என்று பொருள். ஓர் இந்து மன்னர் தம் முஸ்லிம் அதிகாரிக்கு அளித்த பட்டம் அரபுச் சொல்லாக இருந்ததும், அது ‘அமீன்’ என்ற சொல்லாக இருந்ததும் கவனிக்கத்தக்கவை. நபிகளார் (ஸல்) அவர்களுக்கு நபித்துவம் கிடைக்கும் முன்பே மக்கத்து மக்கள் அவர்களை அழைத்த பெயரல்லவா அது.

மிர்ஸாவின் பாட்டனார் ஆகா அலி அஸ்கர் 1824இல் பாரசீகத்தின் ஷீராஸ் நகரிலிருந்து குதிரைகளுடன் பெங்களூருக்கு வந்தவர். மைசூர் அரண்மனைக்கும் ஆங்கிலேயப் படைக்கும் குதிரை விற்று வளர்ந்த குடும்பம். பெங்களூரில் இன்றும் அலி அஸ்கர் சாலை இருக்கிறது. குடும்பம் ஷியா மரபைச் சேர்ந்தது. அகீதாவில் நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு யாரும் அறிந்ததே. இங்கே நாம் பேசுவது ஒரு மனிதர் அரசுப் பொறுப்பை எப்படிச் சுமந்தார் என்பதை மட்டும்.

1883இல் பெங்களூரில் பிறந்த மிர்ஸாவுக்கு இளவயதிலேயே ஒரு வாய்ப்பு அமைந்தது. இளம் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்குப் பாடம் சொல்ல ஸ்டூவர்ட் ஃப்ரேசர் என்ற ஆங்கிலேய அதிகாரி நியமிக்கப்பட்டார். மன்னர் தனியாகப் படிக்க வேண்டாம், சக மாணவர்களோடு படிக்கட்டும் என்று சில சிறுவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் ஒருவர் மிர்ஸா. பின்னர் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் படித்து 1905இல் பி.ஏ. முடித்தார். மைசூருக்கென்று பல்கலைக்கழகம் 1916இல்தான் வந்தது. அதுவரை அந்தக் கல்லூரி மதராஸ் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. ஆக, நம் மதராஸ் பல்கலைக்கழகப் பட்டதாரி அவர்.

மன்னரின் பள்ளித் தோழர் என்பதால் நேராக உயர் பதவிக்குப் போய்விட்டார் என்று நினைத்துவிட வேண்டாம். முதல் வேலை காவல்துறையில் உதவிக் கண்காணிப்பாளர். பிறகு மன்னரின் அலுவலகத்துக்கு மாறி, படிப்படியாக ஹுசூர் செயலாளர் ஆனார். 1922இல் மன்னரின் அந்தரங்கச் செயலாளர். 1926 மே மாதம் திவான். காவல்துறையில் சேர்ந்த நாளிலிருந்து கணக்கிட்டால் 21 ஆண்டுகள் அவர் பிறர் கையெழுத்துக்காகக் கோப்பு தயாரித்தவர். இன்று தேர்வு எழுதும் நம் இளைஞர்கள் இந்த 21 ஆண்டுகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

அந்த ஆண்டுகளில் மைசூரில் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. அரசு வேலைகளில் பிராமணர்களின் எண்ணிக்கை மிக அதிகமாக இருந்ததால் மற்ற சமூகத்தார் முறையிட்டனர். மன்னர் 1918இல் லெஸ்லி மில்லர் தலைமையில் ஒரு குழு அமைத்தார். பிராமணர் தவிர மற்ற சமூகங்கள் எல்லாவற்றையும், முஸ்லிம்கள் உட்பட, பிற்படுத்தப்பட்டோராகக் கருதி, உயர் பதவிகளில் பாதியையும் கீழ்நிலைப் பதவிகளில் மூன்றில் இரண்டு பங்கையும் 7 ஆண்டுகளுக்குள் அவர்களுக்குத் தர அந்தக் குழு பரிந்துரைத்தது. பெரும் பொறியாளரான திவான் விஸ்வேஸ்வரய்யாவுக்கு இந்தக் கொள்கையில் உடன்பாடு இல்லை, பதவி விலகினார். இடஒதுக்கீடு நமக்கு யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்தது என்று பேசுபவர்கள் இந்த வரலாற்றைப் படிக்கலாம். கல்வியில் பின்தங்கிய எல்லாருக்கும் சேர்த்து ஓர் இந்து மன்னர் எடுத்த முடிவு அது. மிர்ஸா அப்போது அவர் அருகிலேயே இருந்த செயலாளர்.

திவான் என்ற பதவியைப் பற்றி ஒரு சொல். இன்றைய கணக்கில் அது முதலமைச்சரும் தலைமைச் செயலாளரும் சேர்ந்த ஒரு நாற்காலி. நிர்வாகம் முழுவதும் அவர் கையில். 1881இல் தொடங்கிய மைசூர் பிரதிநிதிகள் சபைக்கும், 1907இல் வந்த சட்ட மேலவைக்கும் அவரே தலைவர். ஆண்டுதோறும் சபையில் எழுந்து வரவு செலவைச் சொல்ல வேண்டும்; உறுப்பினர்களின் குறைகளைக் கேட்க வேண்டும். ஆனால் அவரை நியமிப்பதும் நீக்குவதும் மன்னர், சபை அல்ல. இந்த ஏற்பாட்டின் கோளாறு பின்னால் வெளிப்பட்டது. அதற்கு வருவேன்.

முஸ்லிமல்லாத மன்னரின் கீழ் ஒரு முஸ்லிம் இப்படிப் பதவி வகிக்கலாமா என்று இன்றும் சில இளைஞர்கள் எங்களிடம் கேட்கிறார்கள். இணையத்தில் அரைகுறையாகக் கேட்ட உரைகள் அவர்களைக் குழப்பியிருக்கின்றன. எகிப்து மன்னரிடம் நாட்டின் களஞ்சியப் பொறுப்பை யூசுஃப் (அலை) அவர்கள் தாமே கேட்டுப் பெற்ற செய்தி திருக்குர்ஆனின் 12ஆம் அத்தியாயம் 55ஆம் வசனத்தில் இருக்கிறது. தம் தகுதியாக அவர்கள் குறிப்பிட்டவை இரண்டே: ஒப்படைத்ததைப் பாதுகாக்கும் குணம், அந்த வேலை பற்றிய அறிவு. தம் குலத்தையோ, தந்தையும் பாட்டனாரும் நபிமார்கள் என்பதையோ அங்கே சொல்லவில்லை. இமாம் குர்துபீ (ரஹ்) தம் தஃப்சீரில் இந்த இடத்தில், தகுதியுள்ளவர் முஸ்லிமல்லாத ஆட்சியாளரின் கீழ் பொறுப்பேற்கலாம் என்று அறிஞர்கள் சிலர் இதிலிருந்து எடுத்த முடிவைப் பதிவு செய்கிறார். கூடவே ஒரு நிபந்தனையும் உண்டு. ஒப்படைக்கப்பட்ட வேலையில் குறுக்கீடில்லாமல், நன்மை செய்யும் வகையில் அவர் செயல்பட முடிய வேண்டும். ஆட்சியாளரின் விருப்பத்துக்கு வளைந்துகொடுத்துத்தான் காலம் தள்ள முடியும் என்றால் அந்தப் பதவி அவருக்கு ஆகாது. இந்த நிபந்தனையை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்; மிர்ஸா இரண்டு முறை பதவி விலகியதை இது விளக்கும்.

15 ஆண்டுத் திவான் காலத்தில் அவர் செய்தவற்றில் மண்டியாவைத்தான் நான் முதலில் வைப்பேன். காவிரியின் குறுக்கே கிருஷ்ணராஜ சாகர் அணையை எழுப்பும் பணி 1911இலேயே தொடங்கிவிட்டது. அது விஸ்வேஸ்வரய்யாவின் பெயரோடு இணைந்தது. (காவிரி என்றதும் நம் வாசகர்களுக்கு நினைவு வரும் 1924 ஒப்பந்தம் மிர்ஸா திவானாவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே கையெழுத்தானது.) அணையில் நீர் தேங்கினால் போதாது, அது வயலுக்குப் போக வேண்டும். அணையிலிருந்து மலையைக் குடைந்து மண்டியாப் பக்கம் கால்வாய் கொண்டுபோனார்கள். அன்று வைசிராய் இர்வின் பெயரால் அழைக்கப்பட்ட அந்தக் கால்வாய்க்குப் பின்னாளில் விஸ்வேஸ்வரய்யா பெயர் சூட்டப்பட்டது. மழையை மட்டும் நம்பியிருந்த ஒரு லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்துக்கு அது பாசனம் கொடுத்தது.

தண்ணீர் வந்தால் விவசாயி கரும்பு போடுவார். கரும்பை வெட்டினால் காயவிடாமல் ஆலைக்கு அனுப்ப வேண்டும். ஆலை இல்லையென்றால் வெல்லம் காய்ச்சி வந்த விலைக்குத் தள்ள வேண்டும். 1933இல் மைசூர் சர்க்கரைக் கம்பெனி மண்டியாவில் தொடங்கப்பட்டது இதற்காகத்தான். 1939இல் மண்டியா தனி மாவட்டமே ஆகிவிட்டது. கால்வாய் ஒரு துறையின் வேலை, ஆலை இன்னொரு துறையின் வேலை என்று பிரித்து விட்டிருந்தால் இரண்டுக்கும் நடுவில் விவசாயி மாட்டிக்கொண்டிருப்பார். நிர்வாகி என்ற சொல்லுக்கு இங்கேதான் பொருள் தெரிகிறது. எகிப்தின் பஞ்சத்துக்கு யூசுஃப் (அலை) அவர்கள் போட்ட திட்டமும் விளைச்சல், சேமிப்பு, விநியோகம் மூன்றையும் ஒரே கணக்கில் சேர்த்ததுதானே.

தொழிற்சாலைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பத்ராவதியில் காகித ஆலை, பெங்களூரில் மின்விளக்குத் தொழிற்சாலை, பீங்கான் தொழிற்சாலை, பெலகொளாவில் உர ஆலை. எல்லாவற்றுக்கும் மேலாக, 1940 டிசம்பரில் தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் அரசின் கூட்டோடு தொடங்கிய ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட். இன்றைய எச்.ஏ.எல். அதுதான். பெங்களூரின் விமானத் தொழிலுக்கு வித்திட்டபோது திவான் நாற்காலியில் இருந்தவர் மிர்ஸா என்பது அங்கே வேலை பார்க்கும் நம் பொறியாளர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பிருந்தாவனத் தோட்டத்தைத் தெரியாதவர்கள் குறைவு. அணையின் அடிவாரத்தில், முகலாயர்களின் ஷாலிமார் தோட்டத்தை மனத்தில் கொண்டு, படிப்படியாக இறங்கும் அந்தப் பூங்காவை அமைக்கச் செய்தவர் இவர். 1932இல் முடிந்தது. நகரங்களை அழகுபடுத்துவதில் அவருக்குத் தணியாத ஆர்வம். காலை வேளையில் தாமே பெங்களூரைச் சுற்றிவருவார். சாலைச் சந்திப்பு, நடைபாதை, சாக்கடை, மரம் எதுவும் கண்ணுக்குத் தப்பாது. ‘ஒரு நாட்டின் திவானுக்குப் பூச்செடி பார்க்கத்தான் நேரமா’ என்று இன்று படிப்பவருக்குக் கேட்கத் தோன்றலாம். பாதையிலிருந்து தொல்லை தரும் பொருளை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்ற நபிமொழியை ஒவ்வொரு மதரஸா மாணவரும் மனப்பாடம் செய்திருக்கிறார். அதைச் சொல்லிக்கொடுக்கும் நம் மஹல்லாக்களின் தெருக்கள் எப்படி இருக்கின்றன என்று பார்த்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்டால் நன்றாக இருக்கும்.

இனி, சோதனைக்கு வருவோம். திவானாகி இரண்டு ஆண்டுகள்கூட நன்றாக முடியவில்லை. 1928இல் பெங்களூர் சுல்தான்பேட்டை அரசுப் பள்ளி வளாகத்தில் இருந்த ஒரு விநாயகர் சிலை தொடர்பாகத் தகராறு எழுந்தது. அரசு அதிகாரிகள் தலையிட்ட விதம் கோபத்தைக் கிளப்பியது. மாணவர் போராட்டம், கைது, மோதல் என்று வளர்ந்து ஜூலை கடைசியில் இந்து முஸ்லிம் கலவரமாக வெடித்தது. அதுவரை திவானின் மதம் மைசூரில் பெரிய பேச்சாக இல்லை. இப்போது அதைத் தவிர வேறு பேச்சில்லை. முஸ்லிம் திவான், முஸ்லிம்களுக்குச் சாதகம் என்று பத்திரிகைகளும் மேடைகளும் பேசின.

ஓர் அதிகாரிக்கு இந்த இடத்தில் இரண்டு சறுக்கல்கள் காத்திருக்கும். தன் சமூகம் குறைசொல்லுமே என்று அவர்கள் பக்கம் சாய்வது ஒன்று. தன்னை நடுநிலையாளர் என்று காட்டிக்கொள்ள, தன் சமூகத்தவரைத் தேவைக்கு மேல் தண்டிப்பது மற்றொன்று. இரண்டாவதை நாம் அதிகம் பேசுவதில்லை. நடைமுறையில் அதுவே அதிகம். அரசு ஒரு விசாரணைக் குழு அமைத்தது. அதன் தலைமை முன்னாள் திவான் விஸ்வேஸ்வரய்யாவிடம் தரப்பட்டது. மைசூரில் அவரைவிட மதிப்பு மிக்கவர் அன்று யாருமில்லை. அரசின் கொள்கையோடு முரண்பட்டு வெளியேறியவர். அரசுக்காகப் பூசி மெழுக வேண்டிய தேவை அவருக்கு இல்லை. தன் நிர்வாகத்தின்மீது எழுந்த புகாரை அப்படிப்பட்டவர் முன் வைக்கும் ஏற்பாட்டுக்குத் திவான் உட்பட்டார்.

நிஸா அத்தியாயத்தின் 105ஆம் வசனத்திலிருந்து வரும் தொடர் இங்கே நினைவுக்கு வருகிறது. மதீனாவில் ஒரு வீட்டில் கவசம் திருடு போனது. எடுத்தவர் முஸ்லிம் குலம் ஒன்றைச் சேர்ந்தவர். பழியோ ஒரு யூதர்மீது போடப்பட்டது. எடுத்தவரின் குலத்தார் திரண்டு வந்து தம் ஆளுக்காகப் பரிந்து பேசினார்கள். அப்போது இறங்கிய வசனங்கள் அந்த யூதர் குற்றமற்றவர் என்று வெளிப்படுத்தியதோடு, மோசடிக்காரருக்காக வாதாடுவதையும் கண்டித்தன என்று தஃப்சீர் நூல்கள் விவரிக்கின்றன. முஸ்லிம்கள் எண்ணிக்கையில் குறைந்து, யூத குலங்களோடு உறவு கசந்திருந்த காலம் அது. ‘இப்போது நம்மவரைக் காட்டிக்கொடுத்தால் எதிரிக்குச் சாதகம்’ என்ற வாதம் அன்றும் வலுவாகத்தான் ஒலித்திருக்கும். அது ஏற்கப்படவில்லை. அதிகாரியிடம் “நம்ம ஆளு” என்று சலுகை கேட்கும் ஜமாஅத் நிர்வாகிகள், எந்தக் குலத்தாரின் இடத்தில் தாங்கள் நிற்கிறோம் என்று இந்தத் தொடரை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

மிர்ஸாவின் காலம் முழுவதும் பாராட்டுக்குரியது என்று எழுதினால் அது வரலாறு ஆகாது. மக்களிடம் ஆட்சியை ஒப்படைக்க வேண்டும் என்ற கோரிக்கையை அவர் கடைசிவரை தள்ளிப்போட்டார். நல்ல நிர்வாகம் இருந்தால் போதும், பொறுப்பாட்சி மெல்ல வரலாம் என்பது அவர் எண்ணம். இங்கேதான் நான் முன்பு சொன்ன கோளாறு. 1938 ஏப்ரலில் சிவபுரத்தில் காங்கிரஸார் தடையை மீறித் தேசியக் கொடி ஏற்றினர். அதே மாதம் 25ஆம் தேதி கோலார் மாவட்டம் விதுராசுவத்தத்தில் கூடிய மக்கள்மீது போலீஸ் சுட்டது. பலர் மாண்டனர். எத்தனை பேர் என்பதில் அரசுக் கணக்கும் காங்கிரஸ் கணக்கும் வெகுவாக வேறுபட்டன. துப்பாக்கியைத் தூக்கியது போலீஸாக இருக்கலாம். அந்தப் போலீஸுக்கு மேலே இருந்த அரசு திவானுடையது. தோட்டங்களும் தொழிற்சாலைகளும் இந்த ரத்தத்தைக் கணக்கிலிருந்து கழித்துவிடாது.

பிறகு அவர் பேச்சுவார்த்தைக்கு முன்வந்தார். சர்தார் படேலும் ஆச்சார்ய கிருபளானியும் பெங்களூர் வந்தனர். மே மாதம் உடன்பாடு ஏற்பட்டது. மைசூர்க் கொடியோடு காங்கிரஸ் கொடியும் பறக்க அனுமதி கிடைத்தது. சுட்ட பின் பேசுவதைவிடச் சுடும் முன் பேசியிருக்கலாம் என்றுதான் இன்று தோன்றுகிறது. பொறுப்பாட்சி மைசூருக்கு 1947 அக்டோபரில், ஆற்காடு ராமசாமி முதலியார் திவானாக இருந்தபோது, மற்றொரு போராட்டத்துக்குப் பின்தான் வந்தது.

1940 ஆகஸ்டில் கிருஷ்ணராஜ உடையார் காலமானார். பள்ளி நாள் தொடங்கிய நட்பு அது. அடுத்து வந்த ஜெயசாமராஜ உடையார் இளைஞர். அவருக்கும் திவானுக்கும் ஒத்துப்போகவில்லை. 1941இல் மிர்ஸா விலகினார். பதவியில் ஒட்டிக்கொண்டிருக்க அவருக்கு வழிகள் இருந்திருக்கும். மன்னரின் நம்பிக்கை இல்லாத திவான் கோப்புகளில் கையெழுத்து மட்டும் போடலாம், வேறெதுவும் செய்ய முடியாது. குர்துபீ சொன்ன நிபந்தனை இதுதான்.

1942இல் ஜெய்ப்பூர் மகாராஜா அவரைப் பிரதமராக அழைத்துக்கொண்டார். நான்கு ஆண்டுகளில் அந்த நகரம் பழைய மதிலைத் தாண்டி விரிந்தது. அங்குள்ள முக்கியக் கடைவீதி இன்றும் மிர்ஸா இஸ்மாயில் சாலைதான், எம்.ஐ. ரோடு என்பார்கள். 1945இல் அகில இந்திய எழுத்தாளர் மாநாடு ஜெய்ப்பூரில் கூடியது. ஆங்கில நாவலாசிரியர் இ.எம். ஃபார்ஸ்டர் அதற்காக வந்திருந்தார்.

அதற்கடுத்த ஒன்பது மாதங்கள்தான் இந்த வாழ்க்கையில் மிகவும் வலிக்கும் பகுதி. 1946 ஆகஸ்டில் ஹைதராபாத் நிஜாமின் பிரதமராகப் பொறுப்பேற்றார். இதுவரை இந்து மன்னர்களிடம் வேலை பார்த்தவர், முதல்முறையாக முஸ்லிம் மன்னரிடம் வருகிறார். இங்கேயாவது நிம்மதியாக இருந்திருப்பார் என்று எதிர்பார்ப்போம். நடந்தது தலைகீழ்.

ஹைதராபாத்தில் மக்களில் பெரும்பான்மையோர் இந்துக்கள். ஆட்சியும் உயர் உத்தியோகங்களும் பெரும்பாலும் முஸ்லிம்களிடம். ஆங்கிலேயர் வெளியேறப் போகிறார்கள் என்பது உறுதியாகிவிட்ட நேரம். இந்தியாவோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்து, உள்நாட்டில் சீர்திருத்தம் செய்து, கௌரவமாகப் பிழைத்துக்கொள்ள வேண்டும் என்பது மிர்ஸாவின் வழி. நாட்டுப் பிரிவினையில் அவருக்கு நம்பிக்கை இருந்ததில்லை. முஸ்லிம் லீகிலும் அவர் சேரவில்லை. அவரை நியமிப்பதை ஜின்னா எதிர்த்தார். உள்ளூரில் இத்திஹாதுல் முஸ்லிமீன் எதிர்த்தது. நிதானமும் பேச்சுத் திறனும் மிக்க பஹாதுர் யார் ஜங் 1944இலேயே இறந்துவிட்டார். 1946 கடைசியில் அந்த அமைப்பு காசிம் ரஸ்வியின் கைக்குப் போனது. மைசூரில் ‘முஸ்லிம்களின் ஆள்’ என்று ஏசப்பட்டவரை இங்கே ‘இந்துக்களின் ஆள்’ என்று ஏசினார்கள். ஒரே மனிதர், ஒரே அணுகுமுறை. ஏசியவர்கள் மட்டும் மாறினார்கள். நிஜாமும் அவருக்குத் துணை நிற்கவில்லை. 1947 மே மாதம் விலகினார்.

அவருக்குப் பின் வந்த சத்தாரி நவாபும் அதே பாதையில் டெல்லியோடு பேசினார். அக்டோபர் இறுதியில், உடன்பாட்டுக்காகத் தூதுக்குழு புறப்படவிருந்த விடியற்காலையில் ஒரு கூட்டம் வந்து அவர்களின் வீடுகளைச் சூழ்ந்துகொண்டது. பயணம் நின்றது, சத்தாரியும் விலகினார். அதன்பின் ரஜாக்கர்களின் அட்டகாசம் கிராமங்களில் பெருகியது. 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் நுழைந்தது. ஐந்து நாட்களில் எல்லாம் முடிந்தது. முடியாதது அதற்குப் பின் நடந்தது. மராத்வாடாவிலும் மற்ற மாவட்டங்களிலும் முஸ்லிம் குடும்பங்கள்மீது நடந்த பழிவாங்கலை ஆராய அரசு அனுப்பிய பண்டித சுந்தர்லால் குழு, மிகக் குறைத்து மதிப்பிட்டாலும் 27,000 முதல் 40,000 பேர் உயிரிழந்ததாகக் குறித்தது. அந்த அறிக்கை பல பத்தாண்டுகள் வெளிவரவே இல்லை.

மிர்ஸா பதவியில் நீடித்திருந்தால் இவையெல்லாம் நடந்திருக்காது என்று நான் வாதிடவில்லை. ஒரு பிரதமரால் தடுக்கக்கூடிய அளவைத் தாண்டிய வெறி அது, இரு பக்கத்திலும். ஆனால் பேசித் தீர்க்கத் தெரிந்தவர்களைத் துரோகி என்று துரத்திவிட்டு, முழங்கத் தெரிந்தவர்களின் பின்னால் போனார்கள். முழங்கியவர் சிறைக்குப் போய், விடுதலையானதும் 1957இல் பாகிஸ்தான் போய்ச் சேர்ந்தார். கிராமங்களில் இருந்த ஏழை முஸ்லிம்களுக்குப் போக இடமில்லை. முழக்கத்துக்கான விலையைக் கொடுத்தவர்கள் அவர்கள். நம் மேடைகளில் ஓர் அதிகாரியையோ சட்டமன்ற உறுப்பினரையோ ‘சமுதாயத் துரோகி’ என்று எளிதாக அறிவிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கிராமங்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

அப்படியானால் முஸ்லிம் அதிகாரியால் முஸ்லிம்களுக்குப் பயனே இல்லையா? இருக்கிறது. மண்டியாவில் கால்வாய் வெட்டினால் அந்த ஊர் முஸ்லிம் விவசாயிக்கும் தண்ணீர் வரும். நியாயமான அதிகாரி இருக்கும் மாவட்டத்தில் வக்ஃபு நிலத்துக்கான மனு குப்பைக்கூடைக்குப் போகாது. அவர் பெயர் எதுவாக இருந்தாலும் சரி. சட்டப்படி நமக்கு உரியதை உரிமையோடு கேட்கலாம், கேட்க வேண்டும். அது கிடைக்கவில்லை என்றால் எந்த மதத்து அதிகாரியாக இருந்தாலும் எதிர்த்து வழக்குப் போடலாம். உரியதற்கு மேல் ஒன்றை, பெயரை வைத்துக் கேட்பதுதான் அமானிதத்தில் கைவைப்பது. மக்கா வெற்றியின் நாளில் கஅபாவின் சாவியைத் தம் குடும்பத்தார் ஆசைப்பட்டும் அவர்களிடம் தராமல், அதுவரை அதை வைத்திருந்த உஸ்மான் பின் தல்ஹா (ரலி) அவர்களிடமே நபிகளார் (ஸல்) திருப்பிக் கொடுத்தார்கள். அமானிதங்களை அவற்றுக்கு உரியவர்களிடம் ஒப்படைப்பது பற்றிய 4:58 வசனத்தை விரிவுரையாளர்கள் இந்த நிகழ்ச்சியோடு சேர்த்தே விளக்குகிறார்கள்.

ஹைதராபாத்துக்குப் பின் மிர்ஸா பெரிய பதவி எதுவும் தேடவில்லை. 1950இல் ஐக்கிய நாடுகள் சபையின் தொழில்நுட்ப உதவிப் பிரதிநிதியாகச் சிறிது காலம் இந்தோனேசியாவில் பணியாற்றினார். ‘என் பொதுவாழ்வு’ என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் தன் வரலாற்றை எழுதி 1954இல் லண்டனில் வெளியிட்டார். 1959 ஜனவரியில் பெங்களூரில், தாம் பிறந்த ஊரிலேயே, 75ஆம் வயதில் காலமானார்.